நீர் நுழையும் இடம்

1

"நாக்குல வச்சுப் பாரு" என்றார் அவர்.

படகின் தரைப்பலகையைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தோம். கீழே நான்கு விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் தொட்டேன். டீசல் நாற்றம், எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் உப்பு இல்லை.

"சப்புன்னு இருக்கு" என்றேன். நல்ல சேதி சொல்கிற தோரணையில்தான் சொன்னேன். கடல் உள்ளே வரவில்லை என்றால் சந்தோஷம்தானே? அவர் முகம் சுருங்கிவிட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். அந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் "பக்கத்து வீட்டுத் தாத்தா". அவரிடம் 28 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று இருந்தது. 1950களில் கட்டியது. ஓக் மர வங்குகள், அவற்றின் மேல் சீடர் மரப் பலகைகள். மழை பெய்த மறுநாள் எல்லாம் அதன் அடியில் தண்ணீர் நின்றது. குனிந்து ஊர்ந்து போகிற வேலைக்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்குச் சனி ஞாயிறுகளில் செய்ய ஒன்றுமில்லை.

அவர் முகம் சுருங்கியதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. மரக்கலத்துக்கு உப்புத் தண்ணீர் பெரிய எதிரி இல்லை. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அது மழைநீரில்தான் செழிக்கும். அந்தக் காலத்து அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் வங்குகளுக்கு இடையே இருக்கும் சந்துகளில் கல்லுப்பைக் கொட்டி நிரப்புவார்கள், கப்பலை ஊறுகாய் போடுகிற மாதிரி. கடல்நீர் கசிந்தால் இறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். மேலே தளத்தில் எங்கோ ஒரு ஊசித்துவாரம் வழியாக மழை இறங்கினால், வெளியே யாருக்கும் தெரியாமல் எலும்பு மக்கும்.

அன்றிரவு இதை அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எய்யா, உங்க தாத்தா பாத்ததும் இதே வேலதான. தோணிக்குக் கலப்பத்து" என்றாள்.

தூத்துக்குடியில் தாத்தா ஏதோ துறைமுகப் பக்கம் வேலை பார்த்தார் என்றுதான் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் ஒரு விண்ணப்பத்தில் தாத்தாவின் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.

2

கலப்பத்து. பழைய அகராதிகளில் கலப்பற்று. மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையே பஞ்சும் நாரும் திணித்து, மேலே எண்ணெயும் குங்கிலியமும் பூசி நீர் புகாமல் அடைக்கும் வேலை. கலம், பற்று என்று பிரித்துப் பார்த்தால் பச்சைத் தமிழ்ச்சொல் மாதிரியே நிற்கும். ஆனால் போர்ச்சுகீசியர் இந்தத் தொழிலாளியைக் கலஃபாத்தே என்கிறார்கள். அரபியிலும் கிட்டத்தட்ட இதே ஒலிதான். பைசாந்தியக் கிரேக்கத்தில் கலஃபாதேஸ். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதில் மொழியறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. மத்தியதரைக் கடலிலிருந்து நம் கரை வரைக்கும், கப்பல் எங்கெல்லாம் ஒழுகியதோ அங்கெல்லாம் இந்தச் சொல்லும் போயிருக்கிறது.

கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு பேரரசனுக்கே இந்தப் பெயர் உண்டு. ஐந்தாம் மிக்கேல், பட்டப்பெயர் கலஃபாதேஸ். அவன் அப்பா கப்பல் தலைவர் ஆவதற்கு முன்னால் கலப்பத்து வேலை பார்த்தவர். 1041 கடைசியில் அரியணை ஏறினான். சில மாதங்களில் ஊர்மக்களே எழுந்து அவனை இறக்கிக் கண்களைக் குருடாக்கினார்கள். அரசன் ஆன பிறகும் அப்பாவின் தொழிலைச் சொல்லித்தான் ஊர் அவனை ஏசியது. வரலாறு இன்றும் அந்த ஏச்சைத்தான் அவன் பெயராக வைத்திருக்கிறது. என் ஆறாம் வகுப்பு விண்ணப்பத்தை நினைத்துக்கொண்டேன்.

3

நான் இருந்த இடத்திலிருந்து ஃபேர்ஹேவன் கிட்டத்தில். அக்குஷ்நெட் ஆற்றின் ஒரு கரையில் நியூ பெட்ஃபோர்ட், மறுகரையில் ஃபேர்ஹேவன். திமிங்கில வேட்டையில் பணம் கொழித்த ஊர்கள். 1841 ஜனவரியில் ஹெர்மன் மெல்வில் ஃபேர்ஹேவனில்தான் திமிங்கிலக் கப்பல் ஏறினார். நாங்கள் படகில் வேலை செய்யும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் அடிக்கடி சொல்லும் கதை மெல்வில் பற்றியது அல்ல. ஜோஷுவா ஸ்லோகம் பற்றியது.

ஸ்லோகம் 1844இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடி, சாதாரண மாலுமியாகத் தொடங்கிக் கப்பல் தலைவர் ஆனவர். மனைவி வர்ஜீனியா அவரோடு கப்பலிலேயே குடும்பம் நடத்தினார். 1884இல் புவெனஸ் அயர்ஸில் இறந்துபோனார். 1887 கடைசியில் பிரேசில் கரையில் அவருடைய சொந்தக் கப்பல் அக்விட்நெக் மணல்திட்டில் ஏறி உடைந்தது. கையில் இருந்த பணம் மொத்தமும் அந்தக் கப்பல்தான். உடைசலிலிருந்து எடுத்ததையும் உள்ளூரில் வெட்டிய மரத்தையும் வைத்து ஒரு படகு கட்டி, இரண்டாம் மனைவியையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். அந்தப் படகை நீரில் இறக்கிய நாள் 1888 மே 13. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த அதே நாள். அதனால் படகுக்கு லிபர்தாதே, விடுதலை, என்று பெயர்.

வந்து சேர்ந்த ஊரில் வேலை இல்லை. உலகம் நீராவிக்கு மாறிவிட்டது. பாய்க்கப்பல் தலைவர்கள் துறைமுகத்தில் கிடைத்த வேலைக்கு நின்றார்கள். 1892 குளிர்காலத்தில் பாஸ்டனில் அலைந்துகொண்டிருந்தபோது ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கிலக் கப்பல் தலைவர் எதிர்ப்பட்டார். "ஃபேர்ஹேவன் வா, ஒரு கப்பல் தாறேன். கொஞ்சம் ரிப்பேர் இருக்கு."

போய்ப் பார்த்தால் கடலில் இல்லை, வயலில் நிற்கிறது. முட்டுக் கொடுத்து, மேலே கித்தான் மூடி, ஏழு வருடமாக நிற்கும் ஒற்றைப் பாய்மரச் சிப்பிப் படகு. பெயர் ஸ்ப்ரே. பியர்ஸ் செய்தது கேலி. ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: உடைக்க வந்தீங்களா? இல்லை, திரும்பக் கட்டப்போகிறேன் என்றார் ஸ்லோகம். அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி: இதுல காசு வருமா?

பக்கத்தில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி ஏரா செய்தார். அடிப்பாகத்து நெடுமரத்துக்கு நம் கரையில் ஏரா என்று பெயர். நீராவிப் பெட்டி ஒன்று கட்டி, இளம் ஓக் கம்புகளை வேகவைத்து இளக்கி, மரக்கட்டை மேல் வளைத்து வங்குகள் ஆக்கினார். ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஜார்ஜியா பைன் பலகைகள். திருகு மறையோடு ஏறக்குறைய ஆயிரம் போல்ட்டுகள். இடையிடையே துறைமுகத்தில் திமிங்கிலக் கப்பல்களில் கூலிவேலைக்குப் போனார், பலகை வாங்கக் காசு வேண்டுமே. கட்டும் இடத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறை. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் சிறுவனாக வந்து இறங்கிய ஜான் குக்குடையது. கல்லறைமேல் சாய்ந்த செர்ரி மரத்தின் பழங்களைப் படகின் தளத்தில் நின்றபடியே பறித்துத் தின்றதாக ஸ்லோகம் எழுதியிருக்கிறார்.

பொருளுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதம். நீளம் 36 அடி 9 அங்குலம்.

4

அந்த ஊரில் அப்போது ஓய்வுபெற்ற திமிங்கிலக் கப்பல் தலைவர்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அவர்கள் வந்து பேச வசதியாக உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊரில் கிணறு வெட்டினால் சுற்றி நின்று யோசனை சொல்லும் பெரியவர்கள் மாதிரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள் கலப்பத்து வந்தபோது சண்டைக்கு வந்தார்கள்.

ஸ்லோகம் முதலில் பஞ்சுத் திரியை அடித்தார். பஞ்சு மட்டும் வைத்தால் அது நாளடைவில் ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொல்ல, கூட இருந்தவர்களும் ஆமோதித்தார்கள். கூட்டத்தில் இருந்த இன்னொரு பழம்பெருச்சாளி, எவ்வளவு வேகத்தில் ஊரும் என்று சொல்லுங்கள், அதற்குள் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கேட்டாராம். ஸ்லோகம் சண்டை போடவில்லை. பஞ்சின் மேல் ஓக்கம் அடித்தார். முதலிலிருந்தே அதுதான் அவருடைய திட்டம்.

ஓக்கம் என்பது பழைய கப்பல் கயிற்றைப் பிரித்துத் தாரில் தோய்த்த நார். பிரிட்டனில் சிறைக்கைதிகளையும் ஏழைகள் விடுதியில் அடைபட்டவர்களையும் உட்காரவைத்து இந்தக் கயிற்றை விரல் நகத்தால் பிரிக்கச் சொல்வார்கள். ஏகாதிபத்தியத்தின் கப்பல்கள் ஒழுகாமல் இருந்ததற்கு அந்த நகங்களும் ஒரு காரணம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்குக் கலப்பத்து கற்றுக்கொடுத்தார். இரண்டு பலகைகள் உட்பக்கம் ஒட்டி இருக்கும், வெளிப்பக்கம் மெல்லிய ஆப்பு வடிவில் விரிந்திருக்கும். அந்தப் பிளவில் பஞ்சுத் திரியை மடித்து மடித்து வைத்து, தட்டையான இரும்பு உளியால் கொட்டாப்புளி கொண்டு அடிக்க வேண்டும். நான் வீரமாக அடித்தேன். "போதும், போதும்! நீ அடைக்க வேண்டாம், தண்ணியே அடைக்கும்" என்று கையைப் பிடித்தார்.

அதுதான் சூட்சுமம். மரம் நீரில் ஊறினால் உப்பும். ஊறிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பஞ்சை இறுக்கிக்கொள்ளும். கரையில் வைத்தே கெட்டியாக அடைத்துவிட்டால், ஊறும்போது பலகைக்குப் போக இடம் இருக்காது. வங்கை உடைத்துவிடும். பதமாக அடித்தால் கொட்டாப்புளியின் சத்தம் மாறும். முதலில் பொத்தென்று, பிறகு கணீரென்று. "கண்ணு வேண்டாம், காது போதும்" என்றார். அம்மாவிடம் கேட்டேன். தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம் என்றாள். அத்தனை வருடம் அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே இருந்தவர்.

5

மழைநீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது வாரம் ஆயிற்று.

தண்ணீர் தெரிந்தது பாய்மரத்தின் அடியில். அதனால் பாய்மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சந்தேகப்பட்டோம். துணி சுற்றி அடைத்துவிட்டு மேலே குழாயால் தண்ணீர் பீய்ச்சினோம். அந்த வழியாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மறு வாரம் ஜன்னல். அதற்கடுத்து மேல்மூடியின் சட்டம். முறை ஒன்றுதான்: எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, உள்ளே முகப்பவுடரைத் தூவிவிட வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. உள்ளே டார்ச்சோடு படுத்திருப்பவன் பவுடரில் கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படுத்திருப்பவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலிப்பில் இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்தாள். எங்கள் ஓட்டு வீடு ஒழுகினால் அப்பா உடனே ஏணி போட்டு, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை மாற்றுவாராம். தாத்தா கீழே நின்று கத்துவாராம்: "ஒழுகுற எடத்த ஏம்ல நோண்டுத? நொழையுற எடத்தத் தேடுல!"

அடுத்த சனிக்கிழமை, பாய்மரத்தை விட்டுவிட்டுப் படகின் பக்கவாட்டுக்குப் போனோம். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இரும்புப் பட்டைகளில் கட்டியிருக்கும். அந்தப் பட்டைகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும். இடப்பக்கப் பட்டையின் ஓரம் தண்ணீர் ஊற்றியதும், பவுடரில் மெல்லிய கோடு விழுந்தது. அது தளத்தைத் தாங்கும் உத்திரத்தின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டே ஐந்தடி ஓடி, பாய்மரத்தைத் தொட்டு, அதன் வழியாக இறங்கியது. பட்டையைக் கழற்றினோம். பின்னால் இருந்த ஓக் மரத்தில் பெரியவர் பேனாக்கத்தியைச் செருகினார். பிடி வரைக்கும் போயிற்று.

மூன்று வங்குகளின் தலை மக்கியிருந்தது. வெளியே வெள்ளைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

6

"முழுசா மாத்தணும்னா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். சொன்னார். அந்த விலைக்கு நல்ல நிலையில் இருக்கும் ஃபைபர் படகு ஒன்று வாங்கலாம். "அப்ப ஏன்?" என்றேன். ஸ்லோகமிடம் ஊர் கேட்ட அதே கேள்வி என் வாயிலிருந்தும் வந்துவிட்டது.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மிஸ்டிக் கடல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சார்லஸ் டபிள்யூ. மார்கன் நிற்கிறது. 1841இல் நியூ பெட்ஃபோர்டில் கட்டிய திமிங்கிலக் கப்பல், 37 வேட்டைப் பயணம் போனது. 1941இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 2008இல் கரையேற்றி ஐந்து வருடம் பழுதுபார்த்தார்கள். 2013 ஜூலை 21 அன்று, முதன்முதலில் நீரில் இறங்கிய அதே தேதியில், மறுபடி இறக்கினார்கள். 2014இல் தன் 38ஆவது பயணமாக அது நியூ பெட்ஃபோர்டுக்குப் போய்வந்தது. ஆனால் 1841இன் மரம் அதில் கொஞ்சம்தான் மிச்சம். ஏராவும் அடிப்பகுதியில் சில துண்டுகளும். மற்றதெல்லாம் வெவ்வேறு காலத்தில் மாற்றியவை.

இது பழைய புதிர். தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதிய பலகை வைத்துக் காத்தார்கள், இது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் அடித்துக்கொண்டார்கள் என்று புளூட்டார்க் சொல்கிறார். ஸ்லோகமுக்கும் இந்தக் கேள்வி வந்தது. பழைய ஸ்ப்ரே எந்த இடத்தில் செத்தது, புதியது எந்த இடத்தில் பிறந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஒரு கப்பலை எத்தனை மாற்றிக் கட்டினாலும் பதிவேட்டில் அதன் பெயர் மாறாது என்று கப்பல்காரன் பாணியில் முடித்துவிட்டார்.

எனக்குத் தோன்றியது வேறு. மார்கனைப் பழுதுபார்த்தபோது வந்த மரம் புதிது. ஆனால் உளி பிடித்த கைகளுக்குள் போன வேலை 1841இன் வேலை. பழைய கப்பல் ஒன்று ஒழுகிக்கொண்டு நிற்பதால்தான் அந்த வேலை யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஒழுகாத படகுக்குக் கலப்பத்துக்காரன் தேவையில்லை. தூத்துக்குடியில் என் தாத்தாவின் உளியும் கொட்டாப்புளியும் என்ன ஆயின என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். கொட்டாப்புளி அடுப்புக்குப் போயிற்று.

7

ஸ்லோகம் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டார். வழியில் குளோஸ்டரில் ஒரு பழைய சிறுபடகை வாங்கி, கப்பலில் ஏற்ற இடம் போதாமல் குறுக்கே அறுத்துப் பாதியை எடுத்துக்கொண்டார். அதே குளோஸ்டர் துறைமுகத்துக்கு 1938இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கியதால், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு வந்து சேர்ந்தது. அந்தக் கடல் முழுக்க அதற்கும் கலப்பத்துதான் காவல்.

1898 ஜூன் 27 அன்று ஸ்ப்ரே நியூபோர்ட்டுக்குத் திரும்பியது. 46,000 மைல். உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர். இந்தியப் பெருங்கடலில் தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 23 நாள், 2,700 மைல். அதில் சுக்கானைத் தொட்டது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்கிறார். கீலிங்கில் ஒரு பவளப்பாறையை ஸ்ப்ரேயின் முன்மரம் இரண்டாகப் பிளந்தது. ஃபேர்ஹேவன் ஓக்கில் ஒரு கீறல் இல்லை. பஞ்சும் ஊர்ந்து வரவில்லை.

கதையை இங்கே நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் 1906இல் நியூ ஜெர்சியில், படகைப் பார்க்க வந்த 12 வயதுச் சிறுமியிடம் தவறாக நடந்ததாக ஸ்லோகம் கைதானார். அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடவில்லை. 42 நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்து சில வாரங்களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வீட்டுக்குப் போனார். அதிபரின் மகன் ஸ்ப்ரேயில் ஏறிப் பயணம் செய்தான். உலகத்துக்கு அந்தப் பெரிய பயணம் போதுமானதாக இருந்தது. அந்தச் சிறுமியைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது நீண்ட நேரம் பஞ்சைத் திரித்துக்கொண்டே இருந்தார். "பெயின்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில்.

அந்த வருடங்களில் ஸ்ப்ரேயையும் அவர் சரியாகக் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் அதன் கோலத்தைக் கண்டு வருந்தியிருக்கிறார்கள். 1909 நவம்பரில் மார்த்தாஸ் வினியார்ட் தீவிலிருந்து தெற்கே புறப்பட்டவர் திரும்பவில்லை. கப்பல் மோதியதா, திமிங்கிலமா, ஏதாவது ஒரு பலகை கழன்றதா? ஒரு மரத்துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. 1924இல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள்.

8

நாங்கள் மூன்று வங்குகளையும் மாற்றினோம். ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. வசந்தத்தில் படகை நீரில் இறக்கும்போது பெரியவர் என்னிடம், "ராத்திரி இங்கயே படுத்துக்கறியா?" என்றார். காய்ந்த படகை நீரில் இறக்கினால் முதலில் எல்லாப் பிளவு வழியாகவும் தண்ணீர் வரும். பயப்படக் கூடாது. மரம் ஊறி இறுகும்வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவருக்கு முதுகு வலி, வீட்டுக்குப் போய்விட்டார். நான் டார்ச்சோடும் ஒரு நோட்டோடும் உட்கார்ந்திருந்தேன். பம்ப் எப்போதெல்லாம் ஓடுகிறது என்று எழுதச் சொல்லியிருந்தார். இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடியது. பதினொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நல்ல உப்பு. நிம்மதியாக இருந்தது. இரண்டு மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. பலகைகள் இருட்டில் மெல்ல முனகிக்கொண்டே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. பதமாக அடித்திருக்கிறோமா, வங்கு உடையுமா என்று காதைப் பலகையில் வைத்துப் படுத்திருந்தேன்.

விடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். தூத்துக்குடியில் அப்போது சாயங்காலம். "ஒழுகுதாய்யா?" என்றாள்.

"கொஞ்சம்" என்றேன்.